பழைய நகரங்கள், பிரமிடுகள், புதைந்த ஊர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொல்லியல் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. யாரிடம் பேசினாலும், பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தாலும் ஓய்வு பெற்றவராக இருந்தாலும், வருகிற சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அதனால் அவற்றை ஒரே இடத்தில் சேர்த்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். முதலில் எளியவை, போகப்போகச் சிக்கலானவை.

தொல்லியல் தளம்னா என்ன? பெரிய கட்டடம் இருந்தாத்தான் அப்படிச் சொல்வாங்களா?

கட்டடமே வேண்டியதில்லை. மனிதர்கள் வாழ்ந்த, வேலை செய்த, இறந்தவரைப் புதைத்த, குப்பை கொட்டிய தடயம் எங்கே மண்ணில் தங்கியிருக்கிறதோ அது தொல்லியல் தளம். யாரோ ஒருவர் உட்கார்ந்து கல்லாயுதம் செதுக்கிவிட்டு எழுந்து போன இடத்தில் சிதறிக் கிடக்கும் கற்சில்லுகளும் தளம்தான், கீசா பிரமிடும் தளம்தான். நம் கண் பிரமிடைப் பார்த்து நின்றுவிடுகிறது. ஆனால் அன்று மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைக் கேட்டால் குப்பைக்குழிதான் அதிகம் சொல்லும். அரண்மனைச் சுவரில் ராஜா தன்னைப் பற்றி எழுதச் சொன்னது இருக்கும், குப்பையில் எல்லோரும் என்ன சாப்பிட்டார்கள் என்பது இருக்கும்.

டைனோசர் எலும்பையும் இவங்கதான் தோண்டுறாங்களா?

இல்லை, அது தொல்லுயிரியல், தனித் துறை. டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. தொல்லியல் மனிதர்களைப் பற்றியது மட்டும்.

உலகத்துல முதல் நாகரிகம் எது?

இந்தக் கேள்விக்கு ஒரே பெயரைச் சொல்லச் சொல்லி வற்புறுத்துகிறார்கள், சொன்னால் சண்டை வருகிறது. நகரம், எழுத்து, வரி, அலுவலர்கள் எல்லாம் சேர்ந்து இருப்பதைத்தான் நாகரிகம் என்று எடுத்துக்கொண்டால் இன்றைய ஈராக்கின் தெற்கே இருந்த சுமேர் முன்னால் நிற்கும். அங்கே உருக் நகரத்தில் கி.மு. 3200 வாக்கிலேயே களிமண் பலகைகளில் எழுதியிருக்கிறார்கள். எழுதியது என்னவென்றால் பெரும்பாலும் கணக்கு: இவ்வளவு பார்லி, இவ்வளவு பீர், இன்னாருக்கு என்று.

ஆனால் எகிப்து, சிந்து, சீனா, நடு அமெரிக்கா, பெருவின் ஆண்டீஸ் பகுதி ஆகியவையும் அவரவர் மண்ணில் தாங்களாகவே வளர்ந்தவை. பெருவில் உள்ள கரால் நகரம் கி.மு. 2600 வாக்கிலேயே மேடைக் கோயில்களோடு இருந்திருக்கிறது, அதாவது கீசாவின் பெரிய பிரமிடு எழும்பிய காலத்தில், நடுவில் ஒரு பெருங்கடல் கிடக்க. யார் முதல் என்பதைவிட, ஒருவரையொருவர் தெரியாமலே இத்தனை இடங்களில் மனிதர்கள் ஊர் கட்டும் முடிவுக்கு வந்தார்களே, எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம்.

அவ்வளவு பெரிய ஊர் எப்படிங்க மண்ணுக்கு அடியில போகும்? யார் போட்டு மூடினாங்க?

பெரும்பாலும் யாரும் மூடவில்லை, அங்கே வாழ்ந்தவர்களே உயர்த்திக்கொண்டே போனார்கள். பச்சைச் செங்கல் வீடு சில தலைமுறைகளில் தளர்ந்துவிடும். இடித்துச் சமன்செய்து அதன் மேலேயே அடுத்த வீட்டைக் கட்டுவார்கள், தெருவில் கொட்டிய சாம்பலும் குப்பையும் சேர்ந்து தெருவும் உயரும். இப்படியே ஆயிரம் இரண்டாயிரம் ஆண்டுகள் போனால் ஊர் ஒரு மேடாகிவிடும். துருக்கியில் உள்ள ட்ராய் அப்படித்தான், ஒன்பது முக்கிய அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கின்றன. மக்கள் விட்டுப்போன பிறகு காற்று கொண்டுவரும் தூசி, ஆற்று வண்டல், செடிகொடி மக்கிய மண் ஆகியவை மிச்ச வேலையைச் செய்யும்.

இத்தாலியின் பொம்பெய் மாதிரி கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் ஓரிரு நாளில் புதைந்த ஊர்கள் அபூர்வம். அதனாலேயே அவை பிரபலமும் ஆகிவிட்டன.

நாலாயிரம் வருஷம், அஞ்சாயிரம் வருஷம்னு சொல்றாங்களே, கல்லுல தேதியா போட்டிருக்கு?

முதல் வழி மண் அடுக்கு. கலைக்கப்படாத இடத்தில் கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. எது முந்தியது என்பது இதில் தெரியும், எத்தனை ஆண்டு என்பது தெரியாது.

ஆண்டுக் கணக்குக்கு அதிகம் பயன்படுவது கார்பன் 14 முறை. 1940களின் கடைசியில் அமெரிக்க வேதியியலாளர் வில்லார்ட் லிபியும் அவர் குழுவும் உருவாக்கியது, அதற்காக அவருக்கு 1960இல் நோபல் பரிசு கிடைத்தது. உயிரோடு இருக்கும்வரை மரமும் விலங்கும் காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும். செத்ததும் அது நின்றுவிடும், உள்ளே இருக்கும் கார்பன் 14 மட்டும் 5,730 ஆண்டுக்குப் பாதி என்ற கணக்கில் குறைந்துகொண்டே வரும். எவ்வளவு மிச்சம் என்று அளந்தால் எப்போது செத்தது என்று தெரியும். சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் போனால் அளக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

இதில் பலரும் தவறவிடுவது ஒன்று: கல்லுக்கு இந்த முறை செல்லாது, கல் உயிரோடு இருந்ததில்லை. அதனால் கற்சுவரின் சாந்தில் சிக்கிய கரி, அடித்தளத்துக்குக் கீழே கிடந்த விதை, எலும்பு இவற்றைத்தான் சோதிப்பார்கள். 'இந்தச் சிலைக் கல்லைக் கார்பன் சோதனை செய்ததில் பத்தாயிரம் ஆண்டு என்று வந்தது' என்று யாராவது அனுப்பினால் அதற்கு மேல் படிக்க வேண்டாம்.

பிரமிடை அடிமைகளைச் சாட்டையால அடிச்சுத்தானே கட்டினாங்க?

சினிமாவில் அப்படித்தான். கீசாவில் கிடைத்திருப்பது வேறு. பிரமிடுகளுக்குத் தெற்கே வேலையாட்கள் தங்கிய ஊரையே தொல்லியலாளர் மார்க் லேனரின் குழு தோண்டியெடுத்திருக்கிறது. ரொட்டி சுட்ட அடுப்பறைகள், நீளமான தங்குமிடங்கள், மலைபோல மாடு, ஆடு எலும்புகள். 1990இல் பக்கத்திலேயே வேலையாட்களின் கல்லறைகளும் கிடைத்தன. எலும்புகளில் சுமை தூக்கித் தேய்ந்த முதுகு தெரிகிறது, அதே எலும்புகளில் உடைந்த கையை நேராக வைத்துக் கட்டி அது சரியாகக் கூடியிருப்பதும் தெரிகிறது. மன்னனின் பிரமிடுக்குப் பக்கத்தில் கல்லறை கிடைப்பதும் அடிமைகளுக்கு நடக்கிற காரியமில்லை.

இதைவிட நேரடியான சாட்சி 2013இல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் கிடைத்தது. மெரெர் என்ற மேற்பார்வையாளர் பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய நாட்குறிப்பு. தூராச் சுரங்கத்தில் சுண்ணாம்புக் கல் ஏற்றினோம், இரவு இங்கே தங்கினோம், கல்லைப் படகில் கொண்டுபோய் கூஃபு மன்னனின் பிரமிடுக்கு இறக்கினோம் என்று நாள்வாரியாக இருக்கிறது. லாரி ஓட்டுநர் வைத்திருக்கும் நடைக்கணக்கு மாதிரி.

அதற்காக எல்லோரும் ஆசைப்பட்டு வந்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. நிரந்தரமான கைவினைஞர்கள் ஒரு பகுதி, அரசு ஊர் ஊராக முறை வைத்து அழைத்துவந்த ஆட்கள் ஒரு பகுதி. உழைப்பையே வரியாகக் கொடுத்தார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

சரி, ஆள் இருந்தாங்க. ஆனா கிரேன் இல்லாம அவ்வளவு பெரிய கல்லை எப்படி நகர்த்தினாங்க? வேற்றுக்கிரகவாசிகள்னு சொல்றாங்களே?

எகிப்தியர்களே படம் வரைந்து வைத்திருக்கிறார்கள். கி.மு. 1900 வாக்கில் வாழ்ந்த ஜெஹூதிஹோதெப் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில், பிரம்மாண்டமான ஒரு சிலையைச் சறுக்குப் பலகையில் ஏற்றி 172 பேர் வரிசையாகக் கயிறு பிடித்து இழுக்கிறார்கள். சிலையின் காலடியில் ஒருவர் நின்றுகொண்டு முன்னால் உள்ள மணலில் தண்ணீர் ஊற்றுகிறார். ரொம்ப நாளாக இதை ஏதோ சடங்கு என்றே பலர் நினைத்தார்கள். 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள்: மணலில் அளவாக ஈரம் இருந்தால் இழுக்கத் தேவைப்படும் விசை ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. காய்ந்த மணல் பலகைக்கு முன்னால் குவிந்துகொண்டே போகும், ஈர மணல் குவியாது. கடற்கரையில் சைக்கிள் தள்ளியவர்களுக்குப் புரியும்.

அஸ்வான் சுரங்கத்தில் சுமார் 42 மீட்டர் நீளத்தில் முடிக்காமல் விட்ட ஒரு கல்தூண் இன்னும் படுத்தபடியே கிடக்கிறது. எடை ஆயிரம் டன்னைத் தாண்டும். வேலை நடக்கும்போதே விரிசல் விட்டதால் கைவிட்டிருக்கிறார்கள். சுற்றிலும் டோலரைட் என்ற கடினமான கருங்கல் உருண்டைகளால் குத்திக் குத்திப் பள்ளம் பறித்த தடம் வரிசை வரிசையாகத் தெரிகிறது.

முதல் தடவையிலேயே யாருக்கும் எல்லாம் சரியாக வரவும் இல்லை. ஜோசர் மன்னனுக்குப் படிப் பிரமிடு, அதன் பிறகு ஸ்னெஃபெரு காலத்தில் தாஷூரில் பாதி உயரம் போன பிறகு சரிவை 54 பாகையிலிருந்து 43க்குக் குறைத்ததால் வளைந்து நிற்கும் பிரமிடு, அதற்கப்புறம்தான் ஒழுங்கான சிவப்புப் பிரமிடு, கடைசியில் கீசாவில் அவர் மகன் கூஃபுவின் 146 மீட்டர் பெரிய பிரமிடு. தப்புப் பண்ணிக் கற்றுக்கொண்ட வரிசை அப்படியே கண்முன் நிற்கிறது. அந்த உழைப்பையும் அறிவையும் பிடுங்கி வானத்திலிருந்து வந்தவர்களுக்குக் கொடுப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

எகிப்துலயும் பிரமிடு, மெக்சிகோவுலயும் பிரமிடு. தொடர்பு இல்லாம எப்படி ஒரே வடிவம் வரும்?

மெக்சிகோவின் தியோதிவாகானில் உள்ள சூரியப் பிரமிடு கி.பி. 200 வாக்கில் கட்டப்பட்டது. கீசாவின் பெரிய பிரமிடுக்கும் அதற்கும் நடுவே 2,700 ஆண்டுக்கு மேல் இடைவெளி. கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் எப்போதோ பிரமிடு கட்டுவதையே நிறுத்திவிட்டார்கள். எகிப்தில் அது மன்னனின் கல்லறை, வெளிப்பக்கம் வழவழப்பாக இருந்தது. மெக்சிகோவில் பெரும்பாலும் படியேறிப் போய் மேலே கோயில் வைப்பதற்கான மேடை. வடிவம் ஏன் ஒத்துப்போகிறது என்றால், இரும்புக் கம்பியும் சிமெண்டும் இல்லாமல் உயரமாக ஒன்றைக் கட்ட அடி அகலமாகவும் நுனி குறுகலாகவும்தான் கட்ட முடியும். மணலைக் குவித்தாலும் அதே வடிவம்தான் வரும்.

கோபெக்லி தெபே பத்தாயிரம் வருஷத்துக்கு மேல பழசாமே? விவசாயமே இல்லாத காலத்துல எப்படி?

தென்கிழக்குத் துருக்கியில் இருக்கிறது, காலம் கி.மு. 9500 வாக்கில். 1995 முதல் 2014இல் இறக்கும்வரை ஜெர்மன் தொல்லியலாளர் கிளாவுஸ் ஷ்மிட் அங்கே அகழ்ந்தார். ஐந்து மீட்டரைத் தாண்டும் T வடிவச் சுண்ணாம்புக்கல் தூண்கள் வட்டமாக நிற்கின்றன. அவற்றில் நரி, பாம்பு, தேள், கழுகு. சில தூண்களின் பக்கவாட்டில் மடங்கிய கைகளும், முன்பக்கம் சேர்ந்து வரும் விரல்களும், கீழே இடுப்புப் பட்டையும் செதுக்கியிருப்பார்கள். அதைப் பார்த்த பிறகு அவை தூணாகத் தெரியாது, தலை குனியாமல் நிற்கும் ஆட்களாகத் தெரியும்.

அங்கே கிடைத்த எலும்புகள் எல்லாம் காட்டு விலங்குகளுடையவை, தானியமும் காட்டுத் தானியம். முதலில் விவசாயம், பிறகு ஊர், அப்புறம்தான் கோயில் என்ற பழைய வரிசை இதனால் ஆட்டம் கண்டது. ஷ்மிட் அதை யாரும் குடியிருக்காத வழிபாட்டு இடம் என்று நினைத்தார். பின்னர் வீடுகளும் தானியம் அரைத்த கற்களும் நிறையக் கிடைத்ததால் மக்கள் அங்கேயே தங்கியும் இருக்கிறார்கள் என்று இப்போது சொல்கிறார்கள்.

சிந்து நகரங்களை யாரோ படையெடுத்து வந்து அழிச்சாங்களா? மொகஞ்சதாரோவுல அணுகுண்டு வெடிச்சதுன்னுகூட வீடியோ பார்த்தேன்.

படையெடுப்புக் கதை பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1940களில் சொன்னது. மொகஞ்சதாரோவில் அங்கங்கே கிடந்த சில பத்து எலும்புக்கூடுகளைப் பார்த்து, கடைசி நாளில் வெட்டப்பட்டவர்கள் என்றார். 1964இல் ஜார்ஜ் டேல்ஸ் என்ற தொல்லியலாளர் அதே சான்றுகளை மறுபடி அலசி, அவை ஒரே நாளில் இறந்தவை இல்லை, வெவ்வேறு காலத்தவை, போர் நடந்ததற்கான தடயம் இல்லை என்று காட்டினார். அணுகுண்டுக் கதையும் இதே எலும்புக்கூடுகளை வைத்துக் கிளம்பியதுதான். குண்டு வெடித்திருந்தால் செங்கல் சுவர்கள் எப்படி நின்றுகொண்டிருக்கும்?

கி.மு. 2600 முதல் 1900 வரை செழித்த நகரங்கள் மெல்ல மெல்லத்தான் தளர்ந்தன. பருவமழை குறைந்தது, ஆறுகளின் நீர் மாறியது, தொலைதூர வணிகம் சுருங்கியது. மக்கள் கிழக்கே கங்கைச் சமவெளிப் பக்கமும் குஜராத் பக்கமும் சின்னச் சின்ன ஊர்களாகப் போனார்கள். ஊர் காலியானது, ஆட்கள் அழியவில்லை.

சிந்து எழுத்தை இன்னும் ஏன் படிக்க முடியல? கம்ப்யூட்டர்ல போட்டா வந்துடாதா?

எகிப்திய எழுத்தை 1822இல் ஷாம்போலியன் படித்ததற்கு ரொசெட்டா கல் இருந்தது, அதில் எகிப்திய எழுத்தில் இருந்த அதே செய்தி கிரேக்கத்திலும் இருந்தது. கிரேக்கத் தீவான கிரீட்டில் கிடைத்த லீனியர் பி என்ற பழைய எழுத்துக்கு அப்படிக் கல் இல்லை, ஆனால் நீளமான கணக்குப் பலகைகள் நிறைய இருந்தன, உள்ளே இருந்த மொழி தெரிந்த கிரேக்கம். 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் திறந்துவிட்டார்.

சிந்து எழுத்தில் இரண்டும் இல்லை. சுமார் 400 குறிகள், ஒரு முத்திரையில் சராசரியாக ஐந்தே குறிகள். இருமொழிக் கல்வெட்டு இதுவரை கிடைக்கவில்லை, மொழி எது என்பதும் முடிவாகவில்லை. கணினிக்குக் கொடுக்க ஐராவதம் மகாதேவன் 1977இலேயே எல்லாவற்றையும் தொகுத்துப் பட்டியல் போட்டுவிட்டார். எந்தக் குறி எதற்கு அடுத்து வரும் என்பதை அதில் காட்ட முடிகிறது, பொருள் சொல்ல முடிவதில்லை. பெயர்ப்பலகைகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மொழியைக் கற்றுக்கொள்ளச் சொன்னால் எப்படியோ, அப்படி.

மாயா மக்கள் திடீர்னு எங்க காணாமப் போனாங்க?

போகவில்லை. சுமார் 30 மாயா மொழிகளைப் பல லட்சம் பேர் குவாத்தமாலாவிலும் மெக்சிகோவிலும் இன்றும் பேசுகிறார்கள். தெற்குச் சமவெளி நகரங்களில் 8, 9ஆம் நூற்றாண்டுகளில் மன்னர்கள் நினைவுத்தூண் நிறுத்துவது ஒவ்வொன்றாக நின்றது. நீண்ட வறட்சி, நகரங்களுக்குள் ஓயாத போர், நெரிசல் எல்லாம் சேர்ந்து. அதே நேரத்தில் வடக்கே சிச்சேன் இட்சா செழிப்பாக இருந்தது. 2012இல் உலகம் முடியும் என்று மாயா நாட்காட்டி சொன்னதாகக் கேட்பவர்களுக்கும் இதுவே இடம்: ஒரு பெரிய சுற்று முடிந்து அடுத்தது தொடங்கியது, அவ்வளவுதான்.

அங்கோர் வாட், மச்சு பிச்சு எல்லாம் வெள்ளைக்காரங்க கண்டுபிடிக்கிற வரைக்கும் யாருக்குமே தெரியாதாமே?

கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலில் பிக்குகள் வழிபாட்டை விடவே இல்லை. 1632இல் ஜப்பானிலிருந்து வந்த யாத்திரிகர் ஒருவர் எழுதிவிட்டுப் போன எழுத்து அங்கே தூணில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஆன்ரி மூவோ போனது 1860இல்.

பெருவின் மலைமேல் இன்கா மக்கள் கட்டிய மச்சு பிச்சுவுக்கு அமெரிக்கர் ஹைரம் பிங்கம் 1911இல் போனபோது அங்கே விவசாயக் குடும்பங்கள் இருந்தன, உள்ளூர்க்காரர்களே வழிகாட்டினார்கள். சுவரில் லிசாராகா என்ற பெயரும் 1902 என்ற ஆண்டும் கரியால் எழுதியிருந்தன. வெளியுலகத்துக்குத் தெரியப்படுத்தினார்கள் என்று சொல்லலாம், கண்டுபிடித்தார்கள் என்பது அங்கேயே இருந்தவர்களை ஆளாகவே மதிக்காத பேச்சு. இன்னொன்று, மச்சு பிச்சு 15ஆம் நூற்றாண்டுக் கட்டடம், பலர் நினைப்பதுபோல ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமை அதற்கு இல்லை.

இடம் தெரிஞ்சும் முழுசா தோண்ட மாட்டேங்கிறாங்களே, எதையோ மறைக்கிறாங்களா?

அகழாய்வு என்பதே ஒரு அழிப்பு. மண் அடுக்குதான் சாட்சி என்று மேலே சொன்னேன், அதைத் தோண்டிவிட்டால் திரும்ப வைக்க முடியாது. ட்ராயில் ஜெர்மானியர் ஷ்லீமன் 1870களில், கிரேக்கக் கவி ஹோமர் பாடிய போர் நடந்த நகரத்தைத் தேடி நடுவே பெரிய பள்ளமாக வெட்டினார். 1873இல் தங்க நகைகள் கிடைத்ததும் அந்தக் கதையில் வரும் மன்னன் பிரியாமின் புதையல் என்று அறிவித்தார். அது அவர் தேடிய காலத்துக்கு ஆயிரம் ஆண்டு முந்தைய அடுக்கு. தேடிய அடுக்குகளில் ஒரு பங்கை வழியிலேயே வெட்டி எறிந்திருந்தார்.

அவர் காலத்தில் கார்பன் 14 கிடையாது, மகரந்த ஆய்வு கிடையாது, எலும்பிலிருந்து மரபணு எடுக்கத் தெரியாது. நாளைக்கு என்ன முறை வரும் என்று இன்று தெரியாததால் கொஞ்சத்தைத் தொடாமல் விடுகிறார்கள். மொகஞ்சதாரோவில் வேறு காரணமும் உண்டு: திறந்த சுவர்களில் நிலத்தடி உப்பு ஏறிச் செங்கல் மாவாக உதிர்கிறது. மண்ணுக்குள் இருக்கும் பகுதிதான் பத்திரமாக இருக்கிறது. தோண்டாமலே பார்க்கவும் இப்போது வழி வந்துவிட்டது. வடக்குக் குவாத்தமாலா காட்டின் மேல் விமானத்திலிருந்து லிடார் என்ற முறையில் லேசர் ஒளிக்கதிர் வீசி 60,000க்கு மேற்பட்ட கட்டுமானங்களைக் கண்டதாக 2018இல் அறிவித்தார்கள்.

அவங்களே அடிக்கடி மாத்திச் சொல்றாங்க. அப்புறம் எதை நம்புறது?

எதை வைத்து மாற்றினார்கள் என்று பாருங்கள். வீலர் சொன்னதை டேல்ஸ் மாற்றியதும், ஷ்மிட் சொன்னதை அவருக்குப் பின் வந்தவர்கள் திருத்தியதும் மேலே இருக்கிறது. இரண்டிலும் சான்று வெளியே வைக்கப்பட்டிருக்கிறது, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். வேற்றுக்கிரகக் கதை ஐம்பது ஆண்டாக ஒரு வரி மாறவில்லை, ஏனென்றால் அது எந்தச் சான்றையும் பார்ப்பதில்லை. நான் எப்போதும் கேட்பது மூன்றே கேள்வி: பொருள் எந்த அடுக்கில் கிடைத்தது, காலத்தை எதை வைத்துச் சோதித்தார்கள், வேறொருவர் பார்த்தாரா.

மன்னர் கதையெல்லாம் சரி, சாதாரண ஆளைப் பத்தி ஏதாவது தெரியுமா?

எனக்குப் பிடித்த கேள்வி. எகிப்தில் மன்னர் கல்லறைகளைக் கட்டியவர்கள் வாழ்ந்த தெய்ர் எல்-மெதினா ஊரில் ஒரு வருகைப் பதிவேடு கிடைத்திருக்கிறது, சுண்ணாம்புக்கல் சில்லில் எழுதியது, இரண்டாம் ராம்சேஸின் 40ஆம் ஆட்சியாண்டு. யார் எந்த நாள் வரவில்லை, ஏன் என்று இருக்கிறது: தேள் கொட்டியது, கண் நோய், பீர் காய்ச்சுகிறான், தாயின் உடலை அடக்கத்துக்குத் தயார் செய்கிறான். பின்னர் மூன்றாம் ராம்சேஸ் காலத்தில் கூலித் தானியம் தாமதமானபோது அதே ஊர்க்காரர்கள் கருவியைக் கீழே போட்டுவிட்டுப் போய்க் கோயிலில் உட்கார்ந்துவிட்டார்கள். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் அதுதான்.

இன்றைய ஈராக்கில் இருந்த உர் நகரத்தில் கி.மு. 1750 வாக்கில் நன்னி என்பவர் செம்பு வியாபாரி ஏயா-நாசிருக்கு எழுதிய களிமண் கடிதம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நல்ல செம்பு தருவதாகச் சொல்லி மட்டமானதைக் காட்டினாய், என் ஆளை அவமதித்து வெறுங்கையோடு அனுப்பினாய், இனி நானே பொறுக்கித்தான் எடுப்பேன் என்று கோபமாக எழுதியிருக்கிறார்.

எழுத்தே படிக்க முடியாத சிந்துவிலும் ஒன்று உண்டு. சன்ஹுதாரோ என்ற சிந்து ஊரில் கிடைத்த ஒரு செங்கலில் பூனையின் காலடித் தடமும் நாயின் காலடித் தடமும் பதிந்திருக்கின்றன. காய வைத்திருந்த ஈரச் செங்கல் மேல் பூனை ஓடியிருக்கிறது, பின்னாலேயே நாய். தடம் ஆழமாக விழுந்திருப்பதைப் பார்த்தால் நல்ல வேகம். செங்கல் அறுத்தவர் அதைத் தூக்கிப் போடவில்லை, அப்படியே சூளையில் அடுக்கிவிட்டார்.